கும்பினி கேட்ட இரண்டு லட்சம் உள்ளங்கிகள்

பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் வருகிறது. கடந்து போகிறவர்கள் ஏராளம், இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு. வாலீஸ்வரர் கோயிலுக்கு வருபவர்களும் வாலி பூசித்த தலம், அருணகிரிநாதர் பாடிய தலம் என்ற அளவில் திரும்பிவிடுகிறார்கள். 1670-களில் இந்த ஊருக்கு இருந்த அரசியல் எடை இன்று பலருக்குத் தெரியாது. பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக ஷேர்கான் லோடி இங்கிருந்துதான் ஆட்சி செய்தார். பரங்கிப்பேட்டை, புதுச்சேரி உள்ளிட்ட கடலோரம் அவர் கையில் இருந்தது. புதுச்சேரியில் கால் வைக்க பிரெஞ்சுக்காரர்களுக்கு 1673-இல் அனுமதி தந்தவர் அவரே. மறு ஆண்டு பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேறினார். 1677-இல் சிவாஜியின் படை தெற்கே வந்தது. ஷேர்கானின் ஆட்சி அதோடு முடிந்தது.

உள்நாட்டில் உட்கார்ந்திருந்த ஓர் ஆளுநரின் தயவுக்காக பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் காத்துக் கிடந்தது எதற்காக? துணிக்காக. சோழமண்டலக் கடற்கரைத் துணி என்றதும் நமக்குப் பூப்போட்ட சீட்டித் துணிதான் நினைவுக்கு வரும். அருங்காட்சியகங்களும் அதைத்தான் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கின்றன. ஆனால் கப்பலேறியதில் பெரும்பகுதி ஆடம்பரமில்லாத வெள்ளைத் துணியும் நீலத் துணியும். அந்தச் சாதாரணத் துணியை வைத்து, மக்கள் வாயில் கும்பினி ஆன ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு துணிச்சலான சோதனையில் இறங்கியது. துணியாக வாங்கி லண்டனில் விற்பதற்குப் பதிலாக, இங்கேயே உள்ளாடையாகத் தைத்து வாங்குவது.

1682-இல் லண்டன் இயக்குநர்கள் சென்னைக் கோட்டை உள்ளிட்ட தங்கள் இந்தியக் கிடங்குகளிடம் கேட்ட தைத்த உள்ளங்கிகளின் எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் மேல். மாலுமிகளுக்கும் ஏழை எளியவர்களுக்கும் கெட்டியான நீலத்துணியில் ஒரு தரம், நடுத்தர மக்களுக்கு வெள்ளையில் ஒரு தரம், சீமாட்டிகளுக்கு மெல்லிய துணியில் ஒரு தரம் என்று பிரித்துக் கேட்டார்கள். ஆண்கள் அணிவதும் பெண்கள் அணிவதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அந்தக் காலத்து ஆங்கிலேயர் இரண்டையும் 'ஷிஃப்ட்' என்றே சொன்னார்கள். பெண்கள் அணிந்தது தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஒரு தொளதொளத்த அங்கி. நம் வீட்டுச் சிறுமிகள் பாவாடை சட்டைக்குள் போடும் ஷிம்மீஸுக்கு இதுதான் பாட்டி.

ஏன் அந்த ஆண்டு, ஏன் இவ்வளவு? 1678-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் பிரெஞ்சுச் சரக்குகளுக்குத் தடை போட்டிருந்தது. அந்தப் பட்டியலில் லினன் எனும் ஆளிநார்த் துணியும் அடக்கம். ஐரோப்பாவில் உடம்பை ஒட்டிய ஆடை என்றால் லினன்தான். இங்கிலாந்துக்கு நல்ல லினன் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதில் ஒரு வாசல் சாத்தப்பட்டிருந்தது. கம்பெனியை அப்போது ஆட்டிவைத்தவர் ஜொசையா சைல்ட். சந்தையில் ஓட்டை தெரிந்தால் விடமாட்டார். பருத்தி மலிவு, தையற்கூலி அதைவிட மலிவு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கணக்கு எப்படிப் போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், ஐரோப்பியப் பெண்ணின் உள்ளாடையை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத தையற்காரர் அதை எப்படி வெட்டித் தைத்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

இன்று பழங்கால உடைகளைத் தைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் காகித பேட்டர்ன் இருக்கும். அளவுவாரியாக வெட்டிய காகித பேட்டர்னை அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் விற்கத் தொடங்கியதே 1863-இல்தான். அதற்கு முந்தைய உள்ளங்கிக்குக் காகிதம் தேவைப்படவில்லை. பிரான்சில் 1771-இல் கார்சோ வெளியிட்ட லினன் தையற்கலை நூலும், இங்கிலாந்தில் 1838-இல் வந்த 'வொர்க்வுமன்ஸ் கைடு' நூலும் உள்ளங்கியை எப்படி வெட்டுவது என்று விளக்குகின்றன. இரண்டிலும் வளைவுகள் அபூர்வம். நீள்சதுரம், சதுரம், முக்கோணம் என்று பள்ளிக்கூட வடிவியல்தான். காரணத்தைக் கனடாவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டோரதி பர்னம் 1973-இல் 'கட் மை கோட்' என்ற சிறு நூலில் தெளிவாக்கினார். இந்த ஆடைகளின் வடிவத்தைத் தீர்மானித்தது உடம்பு அல்ல, தறியின் அகலம் என்பது அவர் வாதம். கையால் நூற்று கையால் நெய்த துணியில் ஒரு விரற்கடை வீணாவதையும் வீட்டுக்காரி பொறுக்க மாட்டாள். கரையிலிருந்து கரைவரை முழுத்துணியையும் பயன்படுத்தும்படி வெட்டு முறை பிறந்தது.

இதை ஒரு கெஜ அகலமுள்ள துணியில் வெட்டிப் பார்த்தால் எளிதாகப் புரியும். முன்பக்கத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றும் 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம். தோளுக்கு 36 அங்குலம் அதிகம், கீழே நடப்பதற்கு அது போதாது. ஆகவே தோள்பக்க மேல் ஓரத்தில் இரு கரையிலிருந்தும் 5 அங்குலம் உள்ளே தள்ளிக் குறி வைத்து, அங்கிருந்து கீழ் மூலைவரை சாய்வாகக் கோடு போட்டு வெட்ட வேண்டும். இரு பக்கமும் ஒல்லியான முக்கோணங்கள் கழன்று வரும். அவற்றைத் தலைகீழாகத் திருப்பி அதே பக்கங்களில் ஒட்டுப்போட்டால், தோளில் 26 அங்குலமாகக் குறைந்த துண்டு அடியில் 46 அங்குலமாக விரியும். தையலுக்குப் போவது தவிர துணி எங்கும் வீணாகவில்லை. மேலே வேண்டாததைக் கீழே வேண்டிய இடத்துக்கு நகர்த்தியதுதான் மொத்த வேலையும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும், கரையோரம் நீளாது. சாய்வோடு சாய்வைச் சேர்த்துத் தைத்தால் தொங்கத் தொங்க அந்தத் தையல் அலையலையாக நெளியும். முடிந்தவரை ஒரு சாய்வு ஓரத்துக்கு ஒரு கரையோரத்தைத் துணை சேர்ப்பது நல்லது.

கைக்கு இரண்டு நீள்சதுரங்கள். இன்றைய டெய்லர் அக்குளில் வளைவு வெட்டி கையை ஏற்றுவார். அன்று வளைவு கிடையாது. நேர்க்கோட்டில் இணைத்த கை, தூக்கினால் பிடிக்கும். துணி அக்குளில் கிழியும். அதற்கு மருந்து ஐந்தாறு அங்குலச் சதுரத் துண்டு ஒன்று. சதுரத்தின் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் கையோடும், மற்ற இரண்டு பக்கங்கள் உடம்புத் துண்டோடும் சேரும். கை தாழ்ந்திருக்கும்போது அது மூலைவிட்டமாக மடிந்து அக்குளுக்குள் ஒளிந்துகொள்ளும், தூக்கும்போது விரியும். மூலைகளில் தையல் சரியாகக் கூடவில்லை என்றால் நான்கு தையல்களும் சேரும் புள்ளியில் ஓட்டை விழும். இந்த ஒரு சதுரத்தைச் சரியாக வைக்கத் தெரிந்தவரே உள்ளங்கி தைக்கத் தெரிந்தவர் என்று சொல்வேன். மற்றதெல்லாம் நேர்த்தையல். தைத்த ஓரங்களை ஒன்றை மற்றொன்றால் மூடி மடித்து மறுபடி ஒரு தையல் போட வேண்டும். பிசிறு வெளியே தெரியாது, கொதிக்கும் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து அடித்துத் துவைத்தாலும் பிரியாது. கழுத்தருகே சிவப்பு நூலில் குறுக்குத் தையலால் உரிமையாளரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். நம்மூர் வண்ணார் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறிக்கும் இதே வேலைதான்.

உடம்பை இறுக்கித் தூக்கிப் பிடிக்கும் வேலை உள்ளங்கிக்கு இல்லை. அதைத் திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளை வைத்துத் தைத்த 'ஸ்டேஸ்' என்ற கவசம் செய்தது. உள்ளங்கி, வியர்வையிலிருந்து அந்த விலை உயர்ந்த கவசத்தைக் காப்பாற்றியது. இவ்விரண்டில் துவைக்க முடிந்தது இது ஒன்றுதான் என்பதால் ஒரு பெண்ணுக்குப் பல உள்ளங்கிகள் தேவைப்பட்டன. லட்சக்கணக்கில் கேட்டதற்கும் அதுவே அடிப்படை. தேய்ந்து நைந்ததும் அவை கந்தலாகிக் காகித ஆலைக்குப் போயின. 19-ஆம் நூற்றாண்டில் மரக்கூழ் வரும்வரை ஐரோப்பாவின் காகிதம் கந்தல் துணியில்தான் பிறந்தது. அருங்காட்சியகங்களில் சீமாட்டிகளின் பூத்தையல் போட்ட உள்ளங்கிகள் மிஞ்சியிருப்பதற்கும், மாலுமி மனைவியின் நீல உள்ளங்கியை அங்கே தேடித் திரிய வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான்.

இனி நம் தையற்காரருக்கு வருவோம். தையல் இந்த மண்ணுக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களை அடுக்கும்போது துணி தைப்பவர்களையும் தோல் தைப்பவர்களையும் தனித்தனியே சொல்கிறது. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் நிற்கும் யவனர் சட்டை போட்டிருக்கிறார்கள். ஆனால் பெண்களின் மார்புக்கு நம் மரபு தைக்காத தீர்வைத்தான் விரும்பியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் திருமாலின் இருபுறமும் நிற்கும் தேவியரை வேறுபடுத்தும் அடையாளங்களில் ஒன்று கச்சு. ஸ்ரீதேவிக்கு அது உண்டு, பூதேவிக்கு இல்லை. அது ஊசி படாத ஒரு பட்டை. சுற்றிக் கட்டினால் தீர்ந்தது. ஆக, பெண்ணுக்கு உள்ளங்கி தைப்பது கடற்கரைத் தையற்காரருக்குப் புதிது.

வெட்டு முறை புதிதல்ல. இந்த வாதத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1682-இல் சென்னை கோல்கொண்டா சுல்தானின் நாட்டில் ஒரு மூலை. 1687-இல் ஔரங்கசீப் பிடிக்கும்வரை அப்படித்தான். சுல்தானின் அதிகாரிகளும் வணிகர்களும் அணிந்த நீளங்கிகளையும் குர்தாக்களையும் தைத்தவர்கள் கடலோரத் தையற்காரர்கள். குர்தாவின் உடம்பு நேர்த்துண்டு, பக்கவாட்டில் 'கலி' எனும் முக்கோணங்கள், அக்குளில் சதுரம். ஐரோப்பிய உள்ளங்கியின் வடிவியலேதான். மேற்காசியா முதல் இங்கிலாந்துவரை கைத்தறி இருந்த இடமெல்லாம் இந்த வெட்டு பரவியிருந்தது. எனவே சென்னைத் தையற்காரருக்குக் கும்பினி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது உயரமும் கழுத்தின் அளவும் கையின் நீளமும் மட்டுமே.

அதைக் கற்றுக்கொடுக்க ஓர் ஏற்பாடும் தயாராக இருந்தது. கம்பெனியின் துணி வணிகம் முழுவதும் 'மஸ்டர்' என்ற மாதிரியை நம்பி நடந்தது. நல்ல துண்டு ஒன்றை மாதிரியாக ஒதுக்கி வைத்து, நெசவாளர் கொண்டுவருவதை அதோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தைத்த ஆடையையும் வேறு எந்த வழியிலும் எழுத்தில் விளக்கிவிட முடியாது. இன்று பெரம்பலூரிலோ அரியலூரிலோ ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனால் டெய்லரக்கா முதலில் கேட்பது, "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்றுதான். இஞ்ச் டேப் கழுத்தில் தொங்கும். நம்பிக்கை என்னவோ அளவு ஜாக்கெட்டில்தான். அதை மேசையில் விரித்து, தையலைத் தடவி, எங்கே பிரித்து விட்டிருக்கிறது, எங்கே பிடித்திருக்கிறது என்று படிப்பார். டேப் சொல்லாத பல விஷயங்களைத் தைத்த ஆடை சொல்லும். காகித பேட்டர்னை வரலாற்றின் தொடக்கமாக நினைப்பவர்கள் இந்த வழக்கத்தைக் கவனிக்க வேண்டும். மிகப் பழைய பேட்டர்ன் என்பது இன்னொரு ஆடை.

துணியின் பக்கம் சிக்கல் அதிகம். இழைக் கணக்கைக் கடற்கரையில் புஞ்சத்தால் சொன்னார்கள். 120 பாவு இழை ஒரு புஞ்சம். லாங்கிளாத், சலாம்பூர், மூரி என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு நீளமும் அகலமும் நெருக்கமும் உண்டு. ஏற்கெனவே அச்சில் பிணைத்துப் பாவோட்டிய தறியில் இரண்டு விரல் அகலம் கூட்டு என்று சொன்னால், அச்சையும் விழுதையும் மாற்ற வேண்டும், நூல் கூடுதலாகும், நாள் கூடும். அளவை மாற்றச் சொல்லும் கோரிக்கையை நெசவாளர்கள் எளிதில் ஏற்றதில்லை. லினன் தறிக்குப் பிறந்த உள்ளங்கி கடற்கரைத் துணியின் அகலத்துக்குப் பொருந்த வேண்டும் என்றால், மாற வேண்டியது வெட்டுதான். அகலம் குறைந்தால் முக்கோணம் பெரிதாகும் அல்லது வேறு துண்டிலிருந்து வரும். அகலம் கூடினால் முக்கோணத்தையே விட்டுவிட்டுக் கழுத்தில் சுருக்கு வைக்கலாம்.

சோதனை வெற்றி பெறவில்லை. தைத்த உள்ளங்கிகள் கம்பெனி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. முயற்சி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. என் கணிப்பில், கோளாறு தையற்காரரிடம் இல்லை, கணக்கில் இருந்தது. உள்ளங்கியின் விலையில் பெரும்பங்கு துணிக்குப் போவது. இங்கிலாந்தில் அதைத் தைத்தவர்கள் பெண்கள். வீட்டில் தைத்தால் கூலியே இல்லை, வெளியே கொடுத்தால் அற்பக் கூலி. இந்தியக் கூலியால் மிச்சமாகும் தொகை அங்கே ஏற்கெனவே இல்லாத தொகை. போகவர இரண்டு ஆண்டு எடுக்கும் கடல் வணிகத்தில், அளவு சரியில்லை என்ற புகார் சென்னை வந்து சேர்வதற்குள் அடுத்த சரக்கும் தைத்து முடிந்திருக்கும். துணியாகவே விற்றால் வாங்குகிறவள் தன் உடம்புக்கு வெட்டிக்கொள்வாள், தப்பானால் அவள் பாடு. தைத்து விற்றால் அந்தத் தப்பும் கம்பெனியின் தலையில்.

தைத்த ஆடை தோற்றாலும் துணி தோற்கவில்லை. ஆங்கிலக் கம்பளி, பட்டு நெசவாளர்களின் கூச்சலுக்குப் பணிந்து பாராளுமன்றம் 1700-இல் இயற்றிய சட்டம் சாயமிட்ட, அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு விற்கத் தடுத்தது. வெள்ளைத் துணி அந்தத் தடையில் சிக்கவில்லை. மேலே உடுத்தும் பூந்துணிக்குத்தான் சண்டை. உள்ளே உடுத்துவதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இங்கே சென்னையில் அந்த வெள்ளைத் துணியை வெளுப்பதற்காகக் கூடிய மக்களால் வண்ணாரப்பேட்டை வளர்ந்தது. நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியமர்த்த 1734-இல் ஆளுநர் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்.

லினனைத் தள்ளிவிட்டு பருத்தி ஐரோப்பியப் பெண்களின் உடம்புக்கு முழுமையாக வந்து சேர்ந்தது 19-ஆம் நூற்றாண்டில். அதற்குள் நூல் லங்காஷயர் ஆலையில் திரிக்கப்பட்டது. 1791-இல் பிரஸ்டன் நகரில் தொடங்கிய ஹாரக்ஸ் ஆலையின் லாங்கிளாத் உள்ளாடைத் துணிக்கே பெயர்போனது. சோழமண்டலத் தறியில் பிறந்த பெயரை ஒட்டிக்கொண்டு அந்த ஆலைத் துணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது. நம் பாட்டிகள் உள்பாவாடைக்கும் பாடிக்கும் அளந்து வாங்கியது அந்த வகைத் துணிதான். எரிச்சலூட்டும் கதை, ஆனால் ஆலைத் துணியின் மலிவு இல்லாமல் ஏழைப் பெண்ணுக்கு இரண்டாவது மாற்று உள்ளாடை கிடைத்திருக்குமா என்ற கேள்வியையும் கேட்கத்தான் வேண்டும்.

உள்ளாடை இருக்கட்டும், தமிழ் பேசும் பெண்கள் எல்லாருக்கும் தைத்த மேலாடையே எளிதில் வந்துவிடவில்லை. தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் குப்பாயம் போடுவதற்குப் பல பத்தாண்டுகள் அடிபட வேண்டியிருந்தது. நாடார் பெண்கள் எல்லாருக்கும் அதை அனுமதிக்கும் அரசு அறிவிப்பு 1859 ஜூலையில்தான் வந்தது. லண்டன் மிஷன் பள்ளிகளில் ஊசி பிடிக்கக் கற்ற பெண்கள் தைத்த அந்தக் குப்பாயமும் தொளதொளத்த நேர்வெட்டுதான். உடம்பைப் பிடிக்கும் டார்ட்டும் கட்டோரியும் பிறகு வந்தவை. கும்பினி காலத்துக் கப்பல் துணியிலிருந்து நேரே குப்பாயத்துக்குக் கோடு இழுக்க நான் முயலவில்லை. இரண்டிலும் வெட்டு முறை ஒன்று, உடுத்தும் உரிமையின் வரலாறு வேறு.

வாலிகண்டபுரம் வட்டாரத்துக் கரிசலில் இன்றும் பருத்தி விளைகிறது. பெரம்பலூர் மாவட்டத்திலேயே வேப்பந்தட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வகை உள்ளங்கியைத் தைத்துப் பார்க்க விரும்புகிற ஜவுளிக் கல்லூரி மாணவி வெளிநாட்டு பேட்டர்னைத் தருவிக்க வேண்டியதில்லை. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் இரு கரையும் நேராக உள்ள வெள்ளைத் துணி ஐந்து கெஜம் போதும். முதலில் கஞ்சி போகத் துவைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி அக்குள் பிடிக்கும். கழுத்தைக் கடைசியில், சின்னதாக வெட்ட வேண்டும்; போட்டுப் பார்த்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

ஆவணங்களில் ஆர்வமுள்ளவருக்கு எழும்பூரில் வேலை காத்திருக்கிறது. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பு, ஆலோசனைப் பதிவுகளும், இங்கிலாந்திலிருந்து வந்த கடிதங்களும் அச்சுத் தொகுதிகளாகவே இருக்கின்றன. 1682 முதல் நாலைந்து ஆண்டுப் பதிவுகளில் வழக்கமாக எல்லாரும் தேடுவது ஆளுநர்களின் சண்டையையும் வணிகர்களின் ஒப்பந்தத்தையும்தான். தையற்கூலி என்று ஒரு செலவு வரி எங்கே வருகிறது, ஓர் உள்ளங்கிக்கு எத்தனை பணம், நூல் யார் கொடுத்தது, மேஸ்திரியாக நின்றவர் யார், கிழிந்தோ குறைந்தோ வந்ததைக் கழித்தது யார் தலையில் விழுந்தது என்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.